ஊமை ரூமும் ஒரு ஹாரன் சத்தமும்

அக்கா,

இன்று எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் காது பரிசோதனை. முதலுதவி அறைக்குப் பக்கத்தில் மரப்பெட்டி மாதிரி ஓர் அறையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஓர் ஆள் உட்காரும் அளவுதான். உள்ளே சுவரெல்லாம் பஞ்சு. நர்ஸ் என் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க சார். எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் அழுத்துங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சாத்திய உடனே அந்த வாசனை வந்தது. வெயில் படாத பஞ்சும் பசையும் பழைய துணியும் கலந்த வாசனை. எத்தனை நேரம் அப்படியே இருந்தேனோ தெரியவில்லை. நர்ஸ் கதவைத் திறந்து, "என்ன சார், ஒரு தடவைகூட அழுத்தல? காது கேக்குதா இல்லியா?" என்றாள்.

"கேக்குதும்மா. வேற ஒண்ணு கேட்டுக்கிட்டிருந்தன்" என்றேன்.

உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அக்கா. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பனி. எண்பதுகளின் நடுவில் ஓசூர் பாதி ஊராகவும் பாதி கம்பெனியாகவும் இருந்தது. காலையில் தைல மரங்களுக்கு நடுவே பனி இறங்கி நிற்கும். அதற்குள்ளிருந்து முதலில் சைக்கிள் மணி வரும், பிறகு சைக்கிள் வரும், அதற்கும் பிறகுதான் ஆளின் முகம் தெரியும். ரோஜாத் தோட்டத்தை ஒட்டியே தகரக் கூரை போட்ட புதுக் கட்டடங்கள். டீக்கடையில் ஒருவர் கன்னடத்தில் கேட்பார், கடைக்காரர் தெலுங்கில் பதில் சொல்வார், சில்லறை தகராறு வந்தால் இருவரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். சிங்காரப்பேட்டையிலிருந்து போன எனக்கு, விழித்துக்கொண்டே கனவு காண்கிற மாதிரி இருந்தது அந்த ஊர்.

நாம் வேலை செய்தது வண்டிகளுக்கு ஹாரன் செய்யும் கம்பெனி. நான் அசெம்ப்ளி, நீங்கள் டெஸ்டிங். நாங்கள் பூட்டி முடித்த ஹாரன்கள் கடைசியில் உங்கள் அறைக்கு வரும். வெளிச்சத்தம் உள்ளே வராமலும் உள்சத்தம் வெளியே போகாமலும் இருக்க, சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் ஆப்பு ஆப்பாகப் பஞ்சு ஒட்டிய அறை. இங்கிலீஷில் அதற்கு ஏதோ பெயர் இருந்தது. எல்லோரும் ஊமை ரூம் என்றுதான் சொன்னோம். நாள் முழுக்க அதற்குள் ஹாரன் கேட்டுவிட்டு வெளியே வரும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகிக்கொண்டே வருவீர்கள். பாட்டு இல்லை, ஒரே சுரம். ஒருநாள் யாரோ கேட்டதற்கு, "காதுக்குள்ள ஒரு வண்டு இருக்குதப்பா. அது கத்துறது கேக்காம இருக்க, நான் கொஞ்சம் கத்திக்குறன்" என்றீர்கள். ஆனேக்கல் பக்கத்துக் கன்னட வீட்டுப் பெண் நீங்கள். என்னைவிட ஓரிரு வயதுதான் கூட. அதற்குமேல் உங்களைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

பிறகு அந்த விபத்து. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேனை மாதையண்ணன் ஓட்டினார். மத்தூர்க்காரர். பின்னால் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கி வருவார்கள். கிருஷ்ணகிரியில் அறை எடுத்துத் தங்கியிருந்த எனக்கு அவர் பக்கத்து சீட். சூளகிரி தாண்டி ஒரு வளைவு, அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது, எதிரே வெள்ளையாகப் பனி. கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று விளக்கில்லாமல் ஓரத்தில் நின்றிருந்தது. மோதியதில் வேனின் முன்பக்கம் எங்கள் மேல் வந்துவிட்டது. மாதையண்ணன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தபடி போய்விட்டார். அவர் நெஞ்சு ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது. அது கத்தியது, நிற்காமல் கத்தியது. என் கால் சிக்கியிருந்தது. கையை நீட்டி அவரைத் தூக்கப் பார்த்தேன், எட்டவில்லை. வழியில் போன லாரியின் கிளீனர் ஒருவர் இறங்கி ஓடிவந்து பேட்டரி வயரைப் பிடுங்கும்வரை அந்தச் சத்தம் ஓயவில்லை. பின்னால் இருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள்.

கால் எலும்பு கூடியது. விலா கூடியது. வேலைக்குத் திரும்பிய அன்றுதான் கூடாதது ஒன்று இருப்பது தெரிந்தது. பக்கத்து மேசையில் ஒரு ஹாரனைச் சும்மா தட்டிப் பார்த்தார்கள். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மேசைக்கு அடியில் கிடக்கிறேன், சட்டை நனைந்திருக்கிறது, கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் எங்கோ போய் விழுந்திருக்கிறது. என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் ரோட்டுச் சத்தம் வந்தது. தங்கியிருந்த அறையில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால்கூடக் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டிக்கொள்வேன். அம்மா ஊரிலிருந்து வந்து தாயத்துக் கட்டிவிட்டுப் போனாள். தாயத்து கையில் இருந்தது, சத்தம் தலைக்குள் இருந்தது.

இதற்கு நடுவில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. மாதையன் தூங்கிவிட்டான், அதனால்தான் வேன் மோதியது. பின்னால் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். ஆனால் எனக்குள் பனி இருந்தது, சத்தம் இருந்தது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் வெறும் வெள்ளை.

ஒருநாள் ஷிப்ட் விடும் நேரத்தில் மாதையண்ணனின் மனைவி கம்பெனி வாசலில் நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, வெளிறிய நீலப் புடவை. என்னை விசாரித்துக் கண்டுபிடித்து அருகில் வந்தார்.

"தம்பி, நீதான் அவுரு பக்கத்துல ஒக்காந்திருந்தியாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அவுரு தூங்கிட்டாரா?"

நான் வாயைத் திறந்தேன். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், கம்பெனி கேட்டுக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பற்கள் அடித்துக்கொண்டன. அந்த அம்மா பயந்துபோய் என் தலையைத் தொட்டு, "வேணாம் தம்பி, உடு. நீ சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்ததை இப்போதும் பார்க்கிறேன்.

அதை நீங்களும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அன்றுதான் முதன்முதலாக என்னிடம் வந்து பேசினீர்கள்.

"நாளைக்கு சாப்பாட்டு டைம்ல ஊமை ரூமுக்கு வாப்பா. ஒரு சத்தமும் இருக்காது. கொஞ்ச நேரம் ஆராமா ஒக்காரு."

நல்ல யோசனை என்றுதான் இருவரும் நினைத்தோம். உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நீங்கள் வெளியே நின்றீர்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் மூச்சு கேட்டது. பிறகு இதயம். பிறகு காதுக்குள் ஓடும் ரத்தம். வேறு எதுவும் இல்லாத அந்த இடத்தில் அந்த ஹாரன் மெல்ல எழுந்து வந்து அறை முழுவதும் நிறைந்தது. வெளியே சத்தம் இருந்தவரை அது ஒளிந்துகொள்ளவாவது இடம் இருந்தது போலும். நான் கதவை இடித்தேன். நீங்கள் திறந்தபோது உங்கள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தப்பாப் போச்சு. எனக்குத் தெரியாம செஞ்சுட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அன்று சாயங்காலமே முடிவு செய்தீர்கள். "நமக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கேக்கலாம்."

பெங்களூரில் மன நோய்க்கான பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனீர்கள். அந்த ஆஸ்பத்திரிப் பேரைச் சொன்னாலே பைத்தியம் என்பார்கள் என்று நான் அத்திபெலே வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். "சும்னிரு" என்றீர்கள் ஒரே வார்த்தையில். சும்மா இரு என்பதைக் கன்னடத்தில் சொன்னால் அதட்டல் மாதிரி இருக்காது, தட்டிக் கொடுக்கிற மாதிரி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் ஒரு வயதான அம்மா. நான் சொன்னதை எல்லாம் அவசரமில்லாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க இறங்கிட்டீங்க. உங்க உடம்பு இன்னும் அந்த வேன்லயே உக்காந்திருக்கு. இறங்கலாம்னு அதுக்கு யாரும் சொல்லல."

தூங்குவதற்குச் சிறு மாத்திரை கொடுத்தார். பிறகு என் உள்ளங்கையை நெஞ்சில் வைக்கச் சொல்லி, மெல்ல மூச்சை இழுத்து, வெளியே விடும்போது வாயை மூடி 'ம்' என்று நீளமாக விடச் சொன்னார். மூச்சு நீளமாகப் போனால் இதயம் தானே அடங்கும், நெஞ்சில் அந்த அதிர்வு படும்போது உடம்புக்குத் தான் பத்திரமாக இருப்பது தெரியும் என்றார். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "இதைத்தான் டாக்டர் நான் தினமும் செய்றன், வண்டுக்காக" என்றீர்கள். அவரும் சிரித்தார். "அப்ப இவருக்கும் கூடச் செய்ங்க. தனியா விடாதீங்க." ஹாரன் சத்தத்தை டேப்பில் பிடித்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குறைத்துவைத்துக் கேட்கச் சொன்னதும் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை. கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் என் கையில்தான் இருக்க வேண்டும். "அன்னிக்கு உங்களால நிறுத்த முடியல. இப்ப முடியும்னு கைக்குத் தெரியட்டும்."

ஓர் ஆணும் பெண்ணும் சாப்பாட்டு நேரத்தில் கதவு சாத்திய அறையில் இருந்தால் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் நேராக சூப்பர்வைசரிடம் போய் விஷயத்தைச் சொன்னீர்கள். அவர், "கதவுல இருக்கற கண்ணாடிக்குப் போட்ட திரையை எடுத்துடுங்க. அப்புறம் என்னமோ செய்ங்க" என்றார். ஆனாலும் பேச்சு நின்றுவிடவில்லை. உங்கள் வீடுவரை போனது. உங்கள் அண்ணன் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். நீங்கள் அவரையே உள்ளே கூட்டிவந்து ஓரமாக உட்காரவைத்து, நாம் செய்வதைப் பார்க்கச் சொன்னீர்கள். பாவம், அவர் பாதியில் தூங்கிப்போனார். அதற்குப் பிறகு அவர் டேப் ரிக்கார்டரைத்தான் நாம் வைத்துக்கொண்டோம்.

அந்த மதியங்களை நான் எப்படிச் சொல்வேன் அக்கா? தரையில் எதிரும் புதிருமாக உட்காருவோம். நீங்கள் முதலில் தொடங்குவீர்கள். சுவரில் பட்டுத் திரும்பாத இடத்தில் குரல் வேறு மாதிரி இருக்கும். காற்றில் வருகிற மாதிரி இல்லாமல், தரை வழியாக வந்து என் முதுகில் ஏறுகிற மாதிரி. பிறகு நானும் சேருவேன். என் சுரம் உங்கள் சுரத்துக்குப் பக்கத்தில் தடுமாறி, உரசி, ஒரு சமயம் அதோடு ஒன்றாகிவிடும். அப்போது யார் குரல் எது என்று தெரியாது. கண்ணாடி வழியே கொஞ்சம் வெளிச்சம் வரும், பஞ்சு ஆப்புகளின் நிழல் சுவரெல்லாம் சின்னச் சின்ன மலைகளாக நிற்கும். ஏரித் தண்ணீருக்குள் உட்கார்ந்து மேலே போகும் மேகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

அதற்குப் பிறகுதான் டேப். முதல் தடவை டேப் ஓடிய சத்தத்துக்கே நிறுத்திவிட்டேன். "ஆயிதா? ஆச்சா? இன்னிக்கு இவ்வளவு போதும்" என்பீர்கள், ஏதோ பெரிய வேலை முடிந்துவிட்ட மாதிரி. மறுநாள் சத்தம் கூட்டும் திருகை ஒரு மயிரிழை நகர்த்துவேன். தூரத்து வயலில் யாரோ கூப்பிடுகிற மாதிரி ஹாரன் கேட்கும். வியர்க்கும். 'ம்' என்பேன். வியர்வை அடங்கும்வரை நீங்களும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சில நாள் ஒன்றும் ஆகாது. சில வாரம் பின்னோக்கிப் போனேன். வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டு வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். குணமாவது என்பது படி ஏறுகிற மாதிரி இல்லை. பனி விலகுகிற மாதிரி. எப்போது விலகியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு மதியம் டேப்பைப் பாதி அளவுக்கு வைத்திருந்தேன். முதன்முதலாக எனக்கு வியர்க்கவில்லை. அப்போது அந்தச் சத்தத்துக்கு முன்னால் வேறொரு சத்தம் இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. டேப்பில் இல்லை, எனக்குள். இரண்டு சின்னது, ஒரு பெரியது. பீம், பீம், பீ...ம். அதற்கும் முன்னால் மாதையண்ணன் குரல். அவர் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுழி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறார். பனிக்குள் திடீரென்று பூக்கூடைகள். தலையில் கூடையோடு பெண்கள் ரோட்டைக் கடக்கிறார்கள். அவர் ஹாரனை அடிக்கிறார், ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புகிறார். கூடைகள் சிதறி ஓடுகின்றன. லாரி.

டேப்பை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "அவரு தூங்கல அக்கா. பேசிக்கிட்டு வந்தாரு."

நீங்கள் உடனே சந்தோஷப்படவில்லை. "நெசமா நடந்ததா, கனவா? அந்த அம்மாகிட்டப் போய்ச் சொன்ன பிறகு கனவுன்னு ஆயிடக் கூடாதுப்பா."

எனக்கே சந்தேகம்தான். அவ்வளவு வெள்ளைக்கு நடுவில் பார்த்ததை எப்படி நம்புவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை சூளகிரி வளைவில் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். இறங்கிய இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். நீங்கள் என் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று 'ம்' என்று தொடங்கினீர்கள். ரோட்டோர டீக்கடையில் விசாரித்தோம். பூ பறித்து பெங்களூர் பஸ்ஸுக்குக் கொண்டுபோகும் பெண்கள் உண்டு என்றார்கள். ஒருவர் வீடு பக்கத்திலேயே. தெலுங்குக்கார அம்மா. சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்தார். நாம் கேட்டதும் கையிலிருந்த நார் நின்றுவிட்டது.

"அவுனு, நாந்தான். நானும் என் தங்கச்சியும். பனியில வண்டி வர்றதே தெரியல. ஹாரன் கேட்டு ஓடுனோம். திரும்பிப் பாத்தா வேன் லாரில இருக்குது. போலீஸ் வந்தா நம்மளைப் புடிக்கும்னு பயந்து ஓடிட்டோம் சாமி. அந்த ஹாரன் அடிக்கலன்னா நாங்க இல்ல."

அங்கிருந்தே மத்தூருக்குப் போனோம். மாதையண்ணனின் மனைவி மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். கன்று வளர்ந்திருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுழி. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு தானாக வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பூக்கூடைகளை, அந்தத் தெலுங்குக்கார அம்மாவை, மாதையண்ணன் கடைசியாகப் பேசிய பேச்சை. மாதையண்ணன் மனைவி அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஹாரன் அடிச்சாரா?"

"அடிச்சாருங்க."

"எப்புடி அடிச்சாரு? சொல்லிக் காட்டு தம்பி."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. எந்தச் சத்தத்துக்குப் பயந்து மேசைக்கு அடியில் போனேனோ, அதை என் வாயாலேயே சொன்னேன். "பீம், பீம், பீ...ம்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆமா. எங்க தெருமுனை வந்தா அப்புடித்தான் அடிப்பாரு. அதக் கேட்டுத்தான் நான் சோத்தைப் போடுவன்." அதற்குப் பிறகுதான் அழுதார். அழுது முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தெருவே வந்து நிற்கும்வரை கூப்பிட்டு, என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீங்கள் திருமணமாகி ஆனேக்கலுக்கே போனீர்கள். மாதையண்ணனின் மனைவி, நம் மத்தூர் அம்மா, உங்கள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. பிறகு சிறுநீரகம் கெட்டது, ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி. கடைசியாகப் பார்த்தபோது உங்கள் காது நன்றாக மந்தமாகியிருந்தது. "வண்டு செத்துப்போச்சுப்பா. இப்ப எனக்குத்தான் அது இல்லாம என்னமோ மாதிரி இருக்குது" என்றீர்கள்.

எனக்கு முழுதாகச் சரியாகிவிடவில்லை, அக்கா. பனி அதிகமான காலைகளில் இன்னும் உள்ளங்கை குளிரும். நெஞ்சில் கையை வைத்து மூச்சை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். அது வாழ்க்கையோடு சேர்ந்துவிட்டது, மூக்குக்கண்ணாடி மாதிரி.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நீங்கள் போன மறுநாள் மத்தூர் அம்மா பஸ் மாறி மாறி ஆனேக்கல் வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது. உங்கள் பெண்களுக்குத் தமிழ் அரைகுறை. முற்றத்தில் பாயில் உட்கார்ந்து இருவரையும் இரண்டு பக்கமும் இழுத்து வைத்துக்கொண்டார். "உங்கம்மா எனக்கு என்ன ஒறவுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது கண்ணு" என்று தொடங்கிப் பேசிக்கொண்டே போனார். பெரியவள் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். நான் இரண்டு மொழியும் தெரிந்தவனாக நடுவில் போய் உட்கார்ந்து, அவர் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை அவருக்கும் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் சின்னவள் என் கையைப் பிடித்து, "பேடா மாமா" என்றாள். வேண்டாம் என்று.

நான் நிறுத்திக்கொண்டேன். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.